காரின் கண்ணாடியைக் கறுக்கலாமா?

சேலத்தில் வெயில் சுட்டெரிக்கிறது.

ஏற்காட்டில் மேகம் தரையில் தவழ்கிறது.

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 30 கிலோ மீட்டர் தூரம்தான். கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறிக் கிளம்பிவிடுகிறார்கள். புளிச்சோறு ஒரு பாத்திரம். முறுக்கு ஒரு டப்பா. பின் சீட்டில் பாட்டி. பாட்டியின் மடியில் பேரன்.

கிளம்புவதற்கு முன்பு பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. காரின் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டுவதுதான் அது.

"குழந்தைக்கு வெயில் படக்கூடாது" என்பார் தாய். "ஏ.சி. சீக்கிரம் குளிரவேண்டும்" என்பார் தந்தை. "பார்க்க மிடுக்காக இருக்கும்" என்பான் மகன்.

முதல் இரண்டும் நியாயமான ஆசைகள். மூன்றாவதுதான் வம்பு. ஏனென்றால், மிடுக்கு வேண்டும் என்றால் கண்ணாடி கறுப்பாக வேண்டும். கறுப்புக் கண்ணாடியோடு சேர்வராயன் மலையில் ஏறுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நடப்பது போன்றது.

பக்கத்துக் கண்ணாடிதான் கண்

சமவெளியில் கார் ஓட்டுகிறவர் முன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். சாலை நேரே போகிறது. பார்வையும் நேரே போகிறது.

மலைப் பாதை அப்படி அல்ல. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பெண்கள் கூந்தலில் செருகும் ஊசி எப்படி வளைந்திருக்கிறதோ, அப்படியே சாலை வளைந்து, வந்த திசைக்கே திரும்பிப் போகிறது.

அந்த வளைவில் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் என்ன தெரியும்? பாறை தெரியும். இல்லாவிட்டால் ஆகாயம் தெரியும். சாலை தெரியாது!

சாலை பக்கவாட்டில் இருக்கிறது. வலது பக்கம் திரும்பும் வளைவு என்றால், டிரைவர் தம் வலது கதவின் கண்ணாடி வழியாக மேலே அண்ணாந்து பார்க்கவேண்டும். இடது பக்கம் திரும்பும் வளைவு என்றால், பக்கத்தில் இருப்பவரைத் தாண்டி, இடது கதவின் கண்ணாடி வழியாகப் பார்க்கவேண்டும். மேல் தட்டுச் சாலையில் இறங்கி வரும் பஸ்சின் முகப்பு அங்கேதான் முதலில் தெரியும். அது தெரிந்தால்தான் வளைவுக்கு முன்பே நிற்க முடியும்.

அந்தக் கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டினால்?

பஸ் ஒரு நிழலாகத் தெரியும். அல்லது தெரியாமலே போகும்.

இன்னொன்றும் உண்டு. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. குறுகலான இடத்தில் இந்த விதி எப்படி நடக்கிறது? இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். "நீங்க வாங்க" என்று ஒருவர் கையைக் காட்டுகிறார். மற்றவர் தலையை ஆட்டிவிட்டு ஏறுகிறார். வாய்ப் பேச்சு இல்லை. எல்லாம் கையும் கண்ணும்தான். வளைவின் நடுவே அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் பெரும்பாலும் பக்கத்துக் கண்ணாடி வழியாகத்தான். அது கறுப்பாக இருந்தால் உள்ளே இருப்பவர் கை காட்டினாரா, நெற்றியைச் சொறிந்தாரா என்று யாருக்குத் தெரியும்?

மூடுபனியும் மர நிழலும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக் காலத்திலும் குளிர்காலத்திலும் பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். வெறும் கண்ணாடியிலேயே இந்தப் பாடு என்றால், கறுப்புக் கண்ணாடியைச் சொல்ல வேண்டியதில்லை.

பனி இல்லாத நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். நிழலுக்காகத் தோட்டக்காரர்கள் சில்வர் ஓக் மரங்களை வளர்த்தார்கள். அந்த மரங்களில் மிளகுக் கொடியும் ஏறிற்று. தோட்டங்களின் ஊடே போகும் சாலையில் ஒரு நிமிடம் பளீர் என்று வெயில். அடுத்த நிமிடம் இருட்டு. மறுபடியும் வெயில்.

மனிதனின் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் கேட்கும். வெயிலில் இருந்து சினிமா கொட்டகைக்குள் நுழைந்தவர்கள் நாற்காலியைத் தடவித் தேடுவது இதனால்தான். கறுப்புப் பிலிம் ஒட்டிய காரில் போகிறவர், நிழல் வரும்போதெல்லாம் சினிமா கொட்டகைக்குள் நுழைகிறார். அவர் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது!

இந்தப் பாதை மன்னிக்காத பாதை. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி வந்த தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. பயணிகள் பலர் மாண்டார்கள். ஏராளமானவர்கள் காயம் அடைந்தார்கள். அந்த விபத்துக்கும் கண்ணாடிப் பிலிமுக்கும் சம்பந்தம் இல்லை. பாதை எப்படிப்பட்டது என்பதற்காக மட்டுமே அதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி கார் கண்ணாடியைப் பற்றியது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் தம் மேல் விழும் வெளிச்சத்தில் 100-க்கு 70 பங்கை உள்ளே விடவேண்டும். பக்கத்துக் கண்ணாடிகள் 100-க்கு 50 பங்கை விடவேண்டும்.

இந்த விதியை யார் மதித்தார்கள்? கறுப்புக் கார்கள் பெருகின. உள்ளே நடக்கும் குற்றம் வெளியே தெரியவில்லை. அவிஷேக் கோயங்கா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2012-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி தலைமை நீதிபதி கபாடியா, நீதிபதிகள் பட்நாயக், சுவதந்தர் குமார் ஆகியோர் தீர்ப்பு வழங்கினார்கள். கண்ணாடியைத் தயாரிக்கும்போதே நிறம் சேர்க்கலாம். ஆனால் பிறகு அதன் மேல் எந்தப் பிலிமையும் ஒட்டக்கூடாது என்பது தீர்ப்பு. "இசட்", "இசட் பிளஸ்" பாதுகாப்பு பெற்றவர்களின் கார்களுக்கு மட்டுமே விலக்கு. மே 4-ந் தேதி முதல் உத்தரவு அமுலுக்கு வந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2020-ல் மத்திய அரசாங்கம் 100-வது விதியைத் திருத்தியது. உள்பக்கம் பிளாஸ்டிக் பதித்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும் விதியில் இடம் கிடைத்தது. 2021 ஏப்ரல் 1-ந் தேதியிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தத்தை ஆதாரமாகக் கொண்டு, 70, 50 என்ற அளவு குறையாமல் இருந்தால் பிலிம் ஒட்டியதற்காக அபராதம் போட முடியாது என்று கேரள ஐகோர்ட்டு 2024 செப்டம்பரில் கூறிற்று.

ஆக, கேரளத்தில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. டெல்லியின் பழைய தீர்ப்பும் இருக்கிறது. நடுவில் நிற்கிறவர் கார்க்காரர். கேரளத் தீர்ப்பைப் படித்துவிட்டு வெளிறிய பிலிம் ஒட்டியவரையும் போலீசார் தடுத்து நிறுத்தக் கூடும். ஏழெட்டு ஆண்டாகக் கன்னங்கரேல் என்று ஓடும் பெரிய மனிதரின் கார் தடையின்றிப் போகவும் கூடும்.

இது சரியல்ல. எது கூடும், எது கூடாது என்று போக்குவரத்துத் துறை தமிழில், நாலு வரியில், எல்லோருக்கும் புரியும்படி அறிவிக்க வேண்டும். மலை அடிவாரத்தில் நிற்கும் போலீசாருக்கு வெளிச்சத்தை அளக்கும் கருவியும் கொடுக்க வேண்டும். கருவி இல்லாமல் கண் மதிப்பில் சோதித்தால் சச்சரவுதான் மிஞ்சும்.

அதுவரை, பிலிம் ஒட்ட நினைப்பவர்கள் தங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

பலரும் நினைப்பது என்ன? கண்ணாடி எவ்வளவு கறுப்போ, அவ்வளவு குளிர்ச்சி என்று நினைக்கிறார்கள். அது தவறு.

சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். சாயம் தோய்த்த மலிவான பிலிம், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது. அந்த வெளிச்சத்தையும் அது விரட்டுவதில்லை, குடித்துக்கொள்கிறது. குடித்ததும் கண்ணாடி சூடாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்கு மறுபடியும் காருக்குள்ளேயே வருகிறது.

"செராமிக்" என்று விற்கப்படும் நல்ல பிலிம் இதற்கு நேர் மாறு. பார்க்க வெளிறி இருக்கும். ஆனால் வெப்பக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். விலை அதிகம்தான்.

கடையில் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். ஒரு சூட்டு விளக்கை எரியவிட்டு, நடுவில் பிலிமை வைத்து, "கையை வைத்துப் பாருங்கள், சூடே இல்லை" என்பார்கள். அந்த விளக்கு தருவது பெரும்பாலும் வெப்பக் கதிர். சூரிய ஒளியோ எல்லாம் கலந்தது. ஆகையால் விளக்கின் முன் தெரிகிற வித்தியாசம் வெயிலில் அப்படியே தெரியாது.

இன்னொரு கணக்கையும் கவனிக்க வேண்டும். கார்க் கண்ணாடியே கொஞ்சம் பச்சை நிறமாக வருகிறது. அது 100-க்கு 80 பங்கு வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 70 பங்கு விடும் பிலிமை ஒட்டினால், 80-ல் 70 பங்கு, அதாவது 56 ஆகும். பக்கத்துக் கண்ணாடிக்கு இது போதும். ஆனால் 50 பங்கு விடும் பிலிமை ஒட்டினால் 40 ஆகிவிடும். விதி மீறியாகிவிட்டது! "பிலிமில் 50 என்றுதானே போட்டிருக்கிறது?" என்று பிறகு வாதாடிப் பயன் இல்லை.

ஒட்டுவதும் ஒரு கலை

"குமிழே வராதுங்கண்ணா, அரை மணி நேரத்தில் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்கிற கடைக்காரரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அரை மணியில் நாலு கதவையும் பின் கண்ணாடியையும் சுத்தமாக ஒட்ட யாராலும் ஆகாது.

கெடுப்பது தூசிதான். ஒரு மணல் துகள் பிலிமுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், அதைச் சுற்றிச் சிறு கூடாரம் போலப் பிலிம் தூக்கி நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் போகாது. சாலை ஓரத்தில், மரத்தடியில், லாரிகள் புழுதி கிளப்பும் இடத்தில் ஒட்டுகிற வேலை ஒருநாளும் சுத்தமாக இராது. நாலு சுவர் உள்ள இடம் வேண்டும். மின்விசிறி சுழலக்கூடாது. தரையில் தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். வீட்டில் சாணம் தெளித்துப் புழுதியை அடக்குகிற பெண்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிறகு கண்ணாடி. சோப்பு நீர் தெளித்து, புதுப் பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டவேண்டும். பார்வைக்குச் சுத்தமாக இருப்பது போதாது. விரல் நுனியால் தடவினால் நெருடக் கூடாது. கதவின் அடியில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டைதான் தூசிக்குக் கிடங்கு. கண்ணாடியைச் சற்று இறக்கி, மேல் விளிம்பையும் துடைக்க வேண்டும். பஞ்சு உதிரும் துணி ஆகாது.

பின் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பனி படிந்தால் சூடேற்றிப் போக்குகிற கம்பிகள் அவை. அங்கே பிளேடு படவே கூடாது. ஒரு கோடு அறுந்தாலும் அந்தக் கோடு வேலை செய்யாது. ஏற்காட்டுக் குளிரில் பின்னால் வரும் வண்டி தெரியாமல் போகும்.

கார்க் கண்ணாடி தட்டையானது அல்ல, வளைந்தது. தட்டையான பிலிமை அதன் மேல் அப்படியே போட்டால் மடிப்பு விழும். நல்ல தொழிலாளி என்ன செய்கிறார்? முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பிலிமைப் போடுகிறார். சூட்டுக் காற்று ஊதும் கருவியால் மெல்ல மெல்லச் சுருக்கி, கண்ணாடியின் வளைவுக்கு அதைப் பழக்குகிறார். ஒரே இடத்தில் சூட்டைக் காட்டினால் பிலிம் கருகும். கண்ணாடியே விரிசல் விடவும் கூடும். அந்த உருவம் வந்த பிறகே வெட்டுகிறார்.

ஒட்டுவது உள்பக்கத்தில். பசைப் பக்கத்தைக் காக்கும் மெல்லிய தாளை உரிக்க உரிக்க, பசையின் மேல் சோப்பு நீர் தெளித்துக்கொண்டே போகவேண்டும். கையும் ஈரமாக இருக்கவேண்டும். கண்ணாடியும் ஈரமாக இருக்கவேண்டும். ஈரத்தில் பிலிம் வழுக்கும். வழுக்கும்போதே சரியான இடத்துக்கு நகர்த்திவிடலாம். பின்பு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினால் தண்ணீர் எங்கே போகும்? குமிழாக நின்றுவிடும்.

முடிந்ததும் கண்ணாடி கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அங்கங்கே சிறு நீர்க் குமிழிகள் இருக்கும். பதற வேண்டாம். மிச்சம் இருக்கும் நீர் நாளடைவில் வற்றிப்போகும். ஊசியால் குத்துவது கூடவே கூடாது. மூன்று நாலு நாளைக்குக் கண்ணாடியை இறக்கக் கூடாது. குழந்தைகள் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். பொத்தானின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரியை ஒட்டி வைப்பது கெட்டிக்காரத்தனம்.

மலை மேல் ஒட்ட வேண்டாம்

ஏற்காட்டுக்குப் போனபின் அங்கே ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈரக் காற்றிலும் குளிரிலும் நீர் வற்றவே வற்றாது. சமவெளியில் சில நாளில் உலர்வது மலையில் வாரக் கணக்கில் இழுக்கும்.

ஒட்டிய மறுநாளே மலை ஏறுவதும் தவறு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி கூடும். கண்ணாடியின் உள்ளே மூச்சுப் பனி படியும். உடனே கைக்குட்டையால் துடைப்பார்கள். உலராத பிலிமின் ஓரம் அத்தோடு கிளம்பிவிடும்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே சேலத்தில் ஒட்டி, காரை வெயிலில் நிறுத்திவைக்க வேண்டும். எந்த வெயிலுக்குப் பயந்து பிலிம் ஒட்டினார்களோ, அந்த வெயிலே அதை உலர்த்திக் கொடுக்கும்.

மலைக்கு வாடகைக் கார் ஓட்டுகிற டிரைவர்களின் கஷ்டம் தனி. வெயிலுக்காக வருகிறவர் "பிலிம் இல்லையா?" என்று முகம் சுளிக்கிறார். பிலிம் ஒட்டினால் அபராதம் டிரைவர் தலையில் விழுகிறது, சுளித்தவர் கொடுப்பதில்லை. வெயில் பொறுக்காத பயணிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. காரை நிழலில் நிறுத்தலாம். நிறுத்தியிருக்கும்போது முன் கண்ணாடிக்கு மடக்கு அட்டை வைக்கலாம். கிளம்பும்போது கதவுகளைத் திறந்து, அடைபட்ட சூட்டை ஒரு நிமிடம் வெளியே விட்டுவிட்டு ஏ.சி. போடலாம். காலை ஏழு மணிக்கே அடிவாரம் தாண்டிவிட்டால் வெயில் பாதி குறையும்.

பழைய பிலிம் ஊதா நிறமாக மாறி, அம்மைத் தழும்பு போலக் குமிழ் குமிழாக நிற்கும் கார்களும் மலை ஏறுகின்றன. சாயம் வெளுத்துவிட்டது, பசை செத்துவிட்டது என்று அதற்குப் பொருள். அந்தக் கண்ணாடி வழியாக ஒரு பஸ் இரண்டாகத் தெரியும்.

அதை உரித்துவிட வேண்டும். அதற்கும் அவசரம் ஆகாது. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, ஒரு மூலையைக் கிளப்பி, கண்ணாடியை ஒட்டினாற்போல் மெதுவாக இழுத்தால் ஒரே துண்டாக வந்துவிடும். பின் கண்ணாடியில் கோடுகள் ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். பசை தங்கிவிட்டால் பழைய செய்தித்தாளைச் சோப்பு நீரில் நனைத்து, கண்ணாடி மேல் அப்பிவைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு வழித்தெடுக்கலாம்.